நிலாவெளியில் ஐந்தரை மாதம்: மதுரையில் கேட்ட கேள்விகளும் என் பதில்களும்

மகளின் இரண்டாவது பிரசவத்துக்காக 2025 மார்ச் நடுவில் இலங்கைக்குப் போனேன். ஆகஸ்ட் கடைசியில் திரும்பினேன். மருமகனுக்குத் திருகோணமலைக்கு வடக்கே நிலாவெளியில் ஒரு ஓட்டலில் வேலை. மூத்த பேரன் அங்கேயே பள்ளிக்கூடம் போகிறான். அதனால் இந்தத் தடவை மகள் தாய்வீடு வரவில்லை, தாய்தான் பெட்டி கட்டினாள். நான் செல்லூர்க்காரி. முப்பது வருசம் தமிழ் டீச்சர். ராமேஸ்வரத்திலும் திருச்செந்தூரிலும் ஒரு முங்கு போட்டதுக்கு மேல் கடலோடு பழக்கம் கிடையாது. திரும்பி வந்த நாளிலிருந்து தெருவிலும் சொந்தத்திலும் கேட்டதையே கேட்கிறார்கள். அதனால் எல்லாருக்கும் சேர்த்து ஒரே இடத்தில் எழுதிவிட்டேன்.

எப்படிப் போவது? ரொம்ப தூரமா?

ஆகாயத்தில் தூரமே இல்லை. மதுரையிலிருந்து கொழும்புக்கு ஏறக்குறைய ஒரு மணி நேரம்தான். மாட்டுத்தாவணியில் பஸ் ஏறி திருச்சி போவதற்குள் அங்கே இறங்கி பெட்டியை எடுத்துவிடலாம். தூரமெல்லாம் அதற்கப்புறம்தான். விமான நிலையம் கட்டுநாயக்காவில் இருக்கிறது. கொழும்பிலிருந்து திருகோணமலை ஏறக்குறைய 260 கிலோமீட்டர், தீவின் மேற்குக் கரையிலிருந்து கிழக்குக் கரைக்குக் குறுக்கே போக வேண்டும். கொழும்பு கோட்டை ஸ்டேஷனிலிருந்து ரயில் இருக்கிறது, பஸ்ஸும் இருக்கிறது. மருமகன் வேன் கொண்டு வந்தும் போய்ச் சேரப் பகல் முழுக்க ஆனது.

கப்பலில் போக ஆசைப்படுகிறவர்களுக்கு நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்குப் பயணிகள் கப்பல் உண்டு. 2023 அக்டோபரில் தொடங்கி, நடுவில் நின்று, 2024 ஆகஸ்டில் மறுபடி ஓடத் தொடங்கியது. அப்போது விட்ட கப்பலுக்குச் ‘சிவகங்கை’ என்று பெயர். நம்ம பக்கத்து ஊர்ப் பேர் கடலில் மிதக்கிறது என்று எங்க வீட்டுக்காரருக்கு ஒரே பெருமை. கடல் கொஞ்சம் முறுக்கிக்கொண்டால் கப்பலை நிறுத்திவிடுவார்கள், நாள் குறித்துப் போகிற காரியத்துக்கு அதை நம்ப முடியாது. எங்க அப்பத்தா காலத்தில் தனுஷ்கோடியில் கப்பல் ஏறித் தலைமன்னாரில் இறங்குவார்களாம். 1964 டிசம்பர் புயல் தனுஷ்கோடியோடு அந்த வழியையும் கொண்டுபோய்விட்டது.

விசா?

கிளம்புவதற்கு முன்பே இணையத்தில் ‘ஈடிஏ’ என்கிற பயண அனுமதி எடுக்க வேண்டும். முதலில் முப்பது நாள் தருவார்கள். மேலே இருக்க வேண்டுமென்றால், அந்த முப்பது முடியுமுன் குடிவரவுத் திணைக்களத்தில் நீட்டிப்புக்கு விண்ணப்பம் போட வேண்டும். பாஸ்போர்ட்டில் இன்னும் ஆறு மாதமாவது பாக்கி இருக்கணும். திரும்பி வரும் டிக்கெட்டைக் கையில் வைத்திருப்பது நல்லது. சுற்றுலா விசாவில் அங்கே சம்பளத்துக்கு வேலை பார்க்கக் கூடாது. டியூஷன் எடுக்கச் சொல்லி ஒரு வீட்டில் கேட்டார்கள், காசு வாங்காமல் எடுத்தேன்.

கட்டணமும் விதியும் அடிக்கடி மாறுகின்றன. அரசாங்கத்தின் சொந்தத் தளத்தை மட்டும் பாருங்கள். அதே சாயலில் தரகர் தளங்கள் நிறைய. இங்கே ஒரு ஏஜெண்ட், பத்து நிமிஷ வேலைக்கு என்னிடம் இரண்டு மடங்கு வாங்கினார். போய்த்தான் தெரிந்தது.

அங்கே தமிழ்தானே? பேச்சுக்குச் சிரமம் இருக்காதே?

இதைத்தான் எல்லாரும் முதலில் கேட்கிறார்கள். நானும் அப்படி நினைத்துத்தான் போனேன், முப்பது வருசம் தமிழ் சொல்லிக்கொடுத்த தைரியத்தில்.

போன மூன்றாம் நாள் பக்கத்து வீட்டில் இடியப்பமும் சொதியும் கொடுத்தார்கள். அந்தம்மா சொதியை ஊற்றிக்கொண்டே, “காணுமோ அன்ரி?” என்றார். ஏதோ காணாமல் போய்விட்டது போல என்று நினைத்து, “இல்லையே” என்றேன். இன்னும் ஊற்றினார். “காணுமோ?” “இல்லைங்க, ஒண்ணும் காணாமப் போகல.” தட்டு வழிந்தது. ‘காணும்’ என்றால் அங்கே ‘போதும்’. உள்ளே இருந்த மகள் சிரித்ததில் கைப்பிள்ளை முழித்துக்கொண்டது.

பேசுவது அங்கே ‘கதைக்கிறது’. நம்ம ஊரில் கதைக்கிறவன் என்றால் புளுகுகிறவன். சீக்கிரம் என்பது ‘கெதியா’, அப்புறம் என்பது ‘பேந்து’, ரொட்டி ‘பாண்’, சோப்பு ‘சவர்க்காரம்’. நிலக்கடலைக்குப் பெயர் ‘கச்சான்’. ஆனியில் அடிக்கும் சுடு காற்றுக்கும் கச்சான் என்றே பெயர். “கச்சான் தொடங்கிட்டுது” என்று ஒருவர் சொன்னபோது கடலை அறுவடை என்று நினைத்துக்கொண்டேன்.

போர்டு படிப்பது தனிக்கூத்து. ஆங்கிலத்தின் ‘ட’ ஒலியைப் பல இடங்களில் ‘ர’ போட்டு எழுதுகிறார்கள். ‘ரயர் கடை’ என்று பார்த்ததும், அட, இங்கேயும் ஒரு ராயர் காப்பிக் கடை வைத்திருக்கிறாரே என்று சந்தோசப்பட்டேன். கிட்டே போனால் டயர் அடுக்கியிருந்தது. அதே ஊரில் ‘தரிப்பிடம்’, ‘மருந்தகம்’ என்று நாம் தமிழில் எழுதக் கூச்சப்படுவதையெல்லாம் சாதாரணமாக எழுதி வைத்திருக்கிறார்கள். இந்த விசயத்தில் என் மாணவர்களை நான் திட்டியதெல்லாம் நியாயம்தான்.

தெரியாத நாட்டுக்குப் போனால் காதைத் தீட்டிக்கொண்டு போவோம். தெரிந்த மொழி என்று போனதால் நான் காதைக் கழற்றி வைத்துவிட்டேன். முதல் மாதம் நான் பட்ட அசட்டுத்தனம் எல்லாம் அதனால் வந்ததுதான். சாப்பாட்டிலும் அதே கதை.

சாப்பாடு ஒத்துக்கொண்டதா?

வயிற்றுக்கு ஒத்துக்கொண்டது, மனசுக்குத்தான் நாளானது. காலையில் பிட்டு, இடியப்பம், பாண். இட்லி தோசை தினப்படி இல்லை. எல்லாக் கறியிலும் தேங்காய்ப் பால். 2025 தொடக்கத்தில் அங்கே தேங்காய்க்கே தட்டுப்பாடு. ஒரு காய் ஏறக்குறைய 200 இலங்கை ரூபாய் வித்தபோதும் சம்பல் இல்லாமல் ஒரு வேளை ஓடவில்லை. அரிசியில் சிவப்பு அதிகம். சம்பா, நாட்டரிசி என்று தரம் பிரிக்கிறார்கள். நம்ம இட்லி அரிசிக்கு நாட்டரிசி பரவாயில்லை, உளுந்து நன்றாகவே கிடைக்கிறது (அங்கே ‘உழுந்து’). கடற்காற்று வெக்கையில் மாவு நாலே மணி நேரத்தில் பொங்கி வழியும். ராத்திரி அரைத்து வைத்துவிட்டுத் தூங்கப் போகாதீர்கள்.

பாலுக்குத்தான் மனம் ஆறவில்லை. தேத்தண்ணி பெரும்பாலும் பால்மாவில், அதாவது பால் பவுடரில். விடிகாலையில் வாசலில் பால்காரர் மணியடித்த ஊரிலிருந்து போனவளுக்கு அது பெரிய குறை. ஃபில்டரும் காப்பித்தூளும் கொண்டு போனேன், பால்மாவில் போட்டுக் குடித்தேன், பேசாமல் வெறும் தேத்தண்ணிக்கு மாறிவிட்டேன். அதை ஈடுகட்டியது எருமைத் தயிர். மண்சட்டியில் கத்தி வைத்து வெட்டும் பதத்தில் வரும், மேலே கித்துள் பாணி (கித்துள் மரத்துப் பாகு) ஊற்றித் தருவார்கள். ஜிகர்தண்டாவை ஒரு நாள்கூட நினைக்கவில்லை என்றால் அதற்கு அந்தத் தயிர்தான் காரணம்.

மீன் சொல்லவே வேண்டாம். காலையில் கரைவலை இழுப்பார்கள். இரு பக்கமும் வரிசையாக ஆட்கள் கயிற்றைப் பிடித்து, பாட்டுப் போல ஒரு சத்தத்தோடு வலையைக் கரைக்குக் கொண்டுவருவார்கள். அங்கேயே நின்று வாங்கலாம். நம்ம வஞ்சிரம் அங்கே அறக்குளா. நெத்தலி, பாரை, கணவாய் எல்லாம் அதே பெயர்தான். நெல்பேட்டையில் ஐஸ் மீன் வாங்கிப் பழகிய கைக்கு, துள்ளுகிற மீனை ஆய முதலில் கூச்சமாக இருந்தது.

பிள்ளை பெற்றவளுக்கு அங்கே ‘சரக்கு’ அரைத்துக் கறி வைக்கிறார்கள்: மிளகு, சீரகம், மல்லி, மஞ்சள், பூண்டு. நம்ம பத்தியக் குழம்புக்கு ஒன்றுவிட்ட சகோதரி. நான் கொண்டுபோன பிரசவ லேகியத்தைப் பக்கத்து வீட்டு அம்மா முகர்ந்து பார்த்துவிட்டு, “எங்கட மாதிரித்தான்” என்று சான்றிதழ் கொடுத்தார்.

வீட்டுச் சாமான் என்னென்ன கொண்டு போகணும்?

பிளக். இதைப் பெரிசாக எழுதிக்கொள்ளுங்கள். நம்ம மாதிரி உருண்டை மூணு முள்ளும் உண்டு, இங்கிலாந்து மாதிரிச் சதுர முள்ளும் உண்டு. ஒரே வீட்டில் சமையலறையில் ஒன்று, படுக்கையறையில் ஒன்று. இரண்டு அடாப்டர் கொண்டு போங்கள். மிக்ஸியைத் தூக்கிக்கொண்டு போன நான், மூன்று நாள் அம்மியில் அரைத்தேன். கேஸ் சிலிண்டர் அங்கே 12.5 கிலோ, நம்மது 14.2. கணக்குப் போட்டு வைத்தால் நடுச்சமையலில் தீராது.

உடுத்த பருத்திதான். சுங்குடிப் புடவைகள் நாலு கொண்டு போனேன், அதுவே போதும். பட்டு ஒன்று கொண்டு போனேன், பெட்டியை விட்டு வெளியே வரவே இல்லை.

பூவும் செடியும் கொண்டு போக வேண்டாம், சுங்கத்தில் எடுத்துவிடுவார்கள். ஐந்தரை மாதம் மல்லிகை வாசம் இல்லாமல் இருந்தது எப்படி என்று கேட்காதீர்கள்.

உப்புக்காற்று என்ன செய்யும்?

எல்லாவற்றையும் தின்னும். கேஸ் அடுப்பின் பர்னர், கதவுத் தாழ்ப்பாள், மின்விசிறியின் நடுமுடிச்சு, போனில் சார்ஜர் செருகும் ஓட்டை, எதையும் விடாது. மூக்குக் கண்ணாடியில் ஒரு மெல்லிய படலம் எப்போதும் இருக்கும். மதுரை அப்பளம் ஒரு கட்டு கொண்டு போனேன். பிரித்த மறுநாளே நமத்துப்போய் வெற்றிலை மாதிரி மடிந்தது. அப்பளம், பொடி, கருப்பட்டி எதுவானாலும் காற்றுப் புகாத டப்பாவில் போட்டு, சிறிசு சிறிசாகப் பிரியுங்கள். துணி எவ்வளவு வெயிலில் காய்ந்தாலும் தொட்டால் பிசுபிசுப்பு இருக்கும். அது ஈரம் இல்லை, உப்பு.

எங்கள் கிணற்றுத் தண்ணீர் கொஞ்சம் உவர். சவர்க்காரம் நுரைக்காது, தலைமுடி கயிறாகும், பருப்பு வேகவே வேகாது. குக்கர் ஏழு விசில் விட்டும் துவரம்பருப்பு உருண்டை உருண்டையாக நிற்கும். பழுது குக்கரில் என்று நினைத்து வாஷர் மாற்றினேன், பருப்பு பழசு என்று கடைக்காரரிடம் சண்டைக்கே போனேன். பிறகு கேன் தண்ணீரில் போட்டுப் பார்த்தால் மூன்றே விசிலில் மசிந்தது. அந்தக் கடைக்காரரிடம் மன்னிப்புக் கேட்டேன்.

வெயில் மதுரையை விட அதிகமா?

அளவில் இல்லை. ஆனால் மதுரை வெயில் சுடும், அந்த ஊர் வெயில் அவிக்கும். போகும் மாதத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள்: கிழக்குக் கரையில் மே முதல் செப்டம்பர் வரை கடல் அமைதி, ஊரில் சுற்றுலாக் கூட்டம். நமக்கு ஐப்பசி கார்த்திகையில் மழை கொண்டுவரும் அதே வடகிழக்குப் பருவக்காற்றுதான் அங்கேயும் மழை. அப்போது கடல் கறுத்துப் புரளும், பாதி விடுதிகள் அடைத்திருக்கும். தீவின் தென்மேற்குக் கரை இதற்கு நேர் தலைகீழ். வெலிகம, ஹிக்கடுவ பக்கம் போகிறவர்கள் என் கணக்கை எடுத்துக்கொள்ள வேண்டாம்.

கடலில் குளித்தீர்களா?

முழங்கால் வரை. தெப்பக்குளத்திலும் கிணற்றிலும் நீச்சல் அடித்தவர்களுக்குக் கடல் வேற சங்கதி. குளத்தில் தண்ணீர் நின்றிருக்கும், கடலில் அது உங்களைக் கூட்டிக்கொண்டு போகும். உள்ளே இழுத்தால் கரையைப் பார்த்து எதிர்த்து நீந்தக் கூடாது, கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி இழுவையை விட்டு விலகிய பிறகு திரும்ப வேண்டும். இது பேரனுக்கு மீனவர் ஒருவர் சொல்லிக் கொடுத்தது. எந்த இடத்தில் இறங்கலாம் என்று கரைவலைக்காரர்களைக் கேட்டால் கை காட்டுவார்கள்.

எதிரே புறாத் தீவு தெரியும், 2003-இல் தேசியப் பூங்கா ஆக்கியது. பவளப்பாறை பார்க்கப் படகில் கூட்டிப் போவார்கள். சீட்டுக் கொடுக்கும் இடத்தில் நான் என்னதான் செந்தமிழில் கேட்டாலும் வெளிநாட்டுக்காரர் கட்டணம்தான். பவளத்தின் மேல் நிற்காதீர்கள், அது கல் இல்லை, உயிர்.

சுனாமி பயம் இல்லையா?

எங்க மாமியார் தினமும் போனில் கேட்ட கேள்வி. 2004 டிசம்பர் 26 அன்று இலங்கையில் மட்டும் முப்பதாயிரத்துக்கு மேல் இறந்துபோனார்கள். நிலாவெளியும் அடிபட்ட ஊர். அங்கே வயசானவர்கள் காலத்தைப் பிரிப்பதே ‘சுனாமிக்கு முன்னம், சுனாமிக்குப் பிறகு’ என்றுதான். இப்போது எச்சரிக்கை ஏற்பாடு இருக்கிறது. ஆனாலும் போன முதல் வாரமே மருமகன் வீட்டிலிருந்து மேட்டுக்குப் போகும் வழியை நடத்திக் காட்டினார்: நிலம் நீண்ட நேரம் ஆடினாலோ, கடல் வழக்கமில்லாமல் பின்வாங்கினாலோ, சைரனுக்குக் காத்திராமல் நடக்க வேண்டும், சாமான் எடுக்கக் கூடாது. இதை மாமியாரிடம் சொன்னேன். பயம் தீரவில்லை, ஆனால் கேட்பதை நிறுத்தினார்.

அங்கே உள்ளவர்களிடம் போரைப் பற்றிக் கேட்டீர்களா?

கேட்கவில்லை. இங்கிருந்து போகிறவர்கள் பலர் இரண்டாவது வாக்கியத்திலேயே இதை எடுக்கிறார்கள் என்று மகள் முன்கூட்டியே சொல்லியிருந்தாள். சண்டை 2009 மே மாதம் முடிந்தது. நாம் செய்தியில் பார்த்ததை அவர்கள் வீட்டுக்குள் பார்த்தவர்கள். பக்கத்து வீட்டு அம்மா மூன்றாவது மாதம், கீரை ஆய்ந்துகொண்டிருக்கும்போது, தானாக ஒரு நாள் சொன்னார். எத்தனை முறை இடம்பெயர்ந்தது, யார் திரும்பவில்லை என்று. கீரை முடிந்ததும் பேச்சும் முடிந்தது. நான் ஒன்றும் கேட்கவில்லை, அவர் சொன்னதை இங்கே எழுதவும் போவதில்லை.

ஊர் கலப்பு ஊர். தமிழர், முஸ்லிம்கள், சிங்களவர் எல்லாரும் உண்டு. ஒரு தரப்பிடம் இன்னொரு தரப்பைப் பற்றி விருந்தாளி கருத்துச் சொல்வது எடுபடாது.

மீனவர் விசயமும் அப்படியே. இங்கே நாம் படிப்பது ராமேஸ்வரத்து மீனவர் கைது. வடக்கிலிருந்து வந்திருந்த ஒரு தமிழ் மீனவர் என்னைப் பார்த்து, “உங்கட றோலர் எங்கட வலையெல்லாம் அறுத்துக்கொண்டு போகுது” என்றார். றோலர் என்றது நம்ம இழுவைமடிப் படகை. இழுவைமடி முறையை இலங்கை 2017-இல் சட்டம் போட்டுத் தடை செய்திருக்கிறது என்பதும் அவர் சொல்லித்தான் தெரியும். எனக்கு இரண்டு பக்கமும் பாவமாக இருந்தது. பதில் சொல்லத் தெரியாமல் தேத்தண்ணி போட்டுக் கொடுத்தேன்.

உடம்புக்கு ஏதாவது வந்தால்?

அவசரத்துக்கு 1990. நம்ம 108 மாதிரி இலவச ஆம்புலன்ஸ், இந்தியா கொடுத்த உதவியில் 2016-இல் தொடங்கியது. சுகர், பிரஷர் மாத்திரைகளை முழு காலத்துக்கும் டாக்டர் சீட்டோடு எடுத்துப் போங்கள். கம்பெனிப் பெயரைச் சொன்னால் அங்கே தெரியாது, மருந்தின் மூலப்பெயரை எழுதி வாங்குங்கள். மலேரியா இல்லாத நாடு என்று உலக சுகாதார நிறுவனம் 2016-இல் அறிவித்தது. அதற்காகக் கொசுவை அலட்சியம் செய்யாதீர்கள், டெங்கு இருக்கிறது. சிரட்டையில்கூடத் தண்ணீர் தேங்க விடமாட்டார்கள். பயணக் காப்பீடு எடுத்துவிடுங்கள்.

பேத்தி அங்கே பிறந்ததால் இலங்கைக் குடிமகளா?

இல்லை. அங்கே பிறந்தால் மட்டும் குடியுரிமை வராது. அப்பா அம்மா இந்தியர் என்றால், பிறந்த ஒரு வருசத்துக்குள் இந்தியத் தூதரகத்தில் பதிவு செய்து பாஸ்போர்ட் எடுக்க வேண்டும். கொழும்பில் தூதரகம், கண்டி, யாழ்ப்பாணம், அம்பாந்தோட்டையில் கிளைகள். உள்ளூர்ப் பிறப்புச் சான்றிதழில் பெயர் எழுத்தை மூன்று முறை சரிபாருங்கள். என் பேத்தி பெயரில் ஒரு கால் கூடிப்போய் அதைத் திருத்த இரண்டு வாரம் அலைந்தோம்.

பணம், போன்?

நம்ம ஒரு ரூபாய்க்கு அங்கே சுமார் மூன்றரை. விலை கேட்டு நெஞ்சைப் பிடிக்காமல், முதலில் மூன்றரையால் வகுங்கள். யுபிஐ 2024 பிப்ரவரியிலிருந்து அங்கே செல்லும், பெரிய கடைகளில் பார்த்தேன்; மீன்காரரிடம் கைக்காசுதான்.

உள்ளூர் சிம்மைப் பாஸ்போர்ட் காட்டி வாங்கலாம். ஆனால் நம்ம சிம்மைக் கழற்றி வைத்தீர்களோ, பேங்கின் ஓடிபி வராது. ஓடிபி இல்லாமல் மதுரை வீட்டுக் கரண்ட் பில்லைக்கூடக் கட்ட முடியாது. ரோமிங்கைத் திறந்து வைத்துவிட்டு, இன்டர்நெட்டை மட்டும் அந்த சிம்மில் அணைத்துவிடுங்கள். பென்ஷன் வாங்குகிறவர்கள் ஆயுள் சான்று கொடுக்கும் மாதம் எது என்று பார்த்துவிட்டு டிக்கெட் போடுங்கள்.

சித்திரைத் திருவிழாவை விட்டுவிட்டீர்களே?

பிறந்ததிலிருந்து முதல் தடவை. சித்திரை ஒன்றுக்கு அங்கே தமிழருக்கும் சிங்களவருக்கும் சேர்த்துப் புத்தாண்டு. தலையில் மருத்துநீர் வைத்துக் குளிப்பாட்டி, கைவிசேடம் என்று காசு கொடுத்தார்கள். மீனாட்சி கல்யாணத்தைப் போனில் பார்த்துத் தாலிக்கயிறு மாற்றிக்கொண்டேன்.

மே 12 அன்று அழகர் ஆற்றில் இறங்கினார். அன்றைக்கு அங்கே பௌத்தர்களின் பெருநாளான வெசாக். ஒவ்வொரு பௌர்ணமியும் ‘போயா’ விடுமுறை, கறிக்கடையும் சாராயக்கடையும் அடைப்பு. வெசாக் அதில் பெரியது. தெருவெல்லாம் கூடு விளக்கு, வழியெங்கும் ‘தன்சல்’: போகிற வருகிறவர்களை நிறுத்தி இலவசமாகச் சாப்பாடு, சர்பத். நம்ம நீர்மோர்ப் பந்தல்தான். விடிகாலையில் தல்லாகுளத்துக் கூட்டத்தைப் போனில் பார்த்து அழுதேன். சாயங்காலம் பேரன் கையைப் பிடித்துத் தன்சல் வரிசையில் நின்றேன்.

அடுத்த வெள்ளி கோணேஸ்வரத்துக்குப் போனோம். கோட்டைக்குள்ளே புள்ளிமான்கள் ஆள் பயமில்லாமல் திரிகின்றன. மலை உச்சியில் கோயில், காலடியில் செங்குத்தாகக் கடல். ஏழாம் நூற்றாண்டில் சம்பந்தர் பதிகம் பாடிய தலம். மதுரையில் வாதம் செய்து, திருவேடகத்தில் வைகையை எதிர்த்து ஏடு விட்ட அதே சம்பந்தர்தான்.

பொழுது போனதா?

கைப்பிள்ளை இருக்கும் வீட்டில் இது ஒரு கேள்வியா?

திரும்பும்போது என்ன கொண்டு வரலாம்?

நகை விசயத்தில் கவனம். கொழும்பு விமானம் என்றால் மதுரைச் சுங்கத்தில் கொஞ்சம் உற்றுத்தான் பார்ப்பார்கள். போகும்போது தாலியும் தோடும் போதும். கூட எடுத்துப் போனால், போகும்போதே இங்கே சுங்கத்தில் காட்டிச் சான்று வாங்கி வையுங்கள்.

நான் கொண்டு வந்தது தேயிலை, பட்டை, கித்துள் பாணி ஒரு பாட்டில், பக்கத்து வீட்டு அம்மா கொடுத்த மாசிக்கருவாடு. மிக்ஸியை அவரிடமே கொடுத்துவிட்டேன், எப்படியும் துருப்பிடித்துவிட்டது. மாசியை ஐந்து பிளாஸ்டிக் பைக்குள் கட்டித்தான் வைத்தேன். இருந்தும் பெட்டியைத் திறந்ததும் எங்க வீட்டுக்காரர் எழுந்துபோய் மொட்டைமாடியில் உட்கார்ந்துகொண்டார். அந்தப் பெட்டி இன்னும் அங்கேதான் காய்கிறது.